செவ்வாய்க்கிழமை மட்டும்

குணசீலனுக்கு வயது நாற்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு. வழிகாட்டி ரெஹானாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதனாலென்ன, குரு குருதான்.

ஆய்வு, முதியோர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அபாய மணி பற்றியது. கீழே விழுந்தால் அழுத்த வேண்டும். ஆள் ஓடி வரும். ஒரு முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு பேருக்குக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார்.

“கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா திங்கட்கிழமை சமர்ப்பிச்சிடலாம், மேடம்.”

ரெஹானா ஆய்வேட்டின் தாள்களைப் புரட்டினார். “ஒருத்தர்கூடக் குறை சொல்லலையா சார்?”

“ஒருத்தர்கூட இல்லை.” அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்.”

அன்று வெள்ளிக்கிழமை. இல்லத்தில் ஒருவர் கழுத்திலும் மணி இல்லை. அவர்களில் ஒருவரான சூசையம்மாள் கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்தாராம்.

“மணி எங்கேம்மா?” குணசீலன் கேட்டார்.

“பெட்டியில பத்திரமா இருக்கு தம்பி. உங்க சாமானாச்சே. நனைஞ்சு கெட்டுப்போனா நீங்க யாருக்குப் பதில் சொல்றது? நீங்க வர்ற செவ்வாய்க்கிழமை மட்டும் எல்லாரும் எடுத்து மாட்டிக்குவோம்.”

“தினமும் போட்டுக்கறேன், நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?”

“கழுத்துல உறுத்தத்தான் செஞ்சுது. இந்த வயசுல படிக்கிறீங்க. சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து கேப்பீங்க. குறை சொல்ல மனசு வரலை.” பிறகு தயங்கிக் கேட்டார்: “இப்ப நான் விழுந்ததால உங்க பட்டத்துக்கு ஏதும் ஆயிடாதே தம்பி?”

குணசீலனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது.

வாசலுக்கு வந்ததும் மெல்லக் கேட்டார். “இதைக் கிழிச்சுப் போட்டுடவா மேடம்?”

ரெஹானா கையிலிருந்த ஆய்வேட்டின் அட்டையை அவர் பக்கம் திருப்பினார். ‘முதியோருக்கு உதவும் கருவி: ஓர் ஆய்வு’ என்று அச்சடித்திருந்தது.

“கிழிக்க வேணாம் சார். இங்கே உதவி நடந்திருக்கு. யார், யாருக்குச் செஞ்சாங்கங்கறதை மட்டும் திருத்தி எழுதுங்க.”