தம்பியத் தேடிக் கப்பலேறுன ஷீலா

கால ஒதறாம படு. ம் கொட்டணும், கொட்டலன்னா அத்தை பாதியிலயே நிறுத்திடுவேன், ஆமா.

ஏழு கடல் தாண்டி அயர்லாந்துன்னு ஒரு தேசம். அங்க ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா பேரு ஷீலா. சிரிக்காத, அங்கயும் ஷீலா உண்டு. தம்பி டெர்மட். அப்பா அம்மா கெடையாது. அந்த ஊருக்கு உருளைக்கிழங்குதான் சோறு. ஒரு வருஷம் தோண்டுனா, கெழங்கெல்லாம் கன்னங்கரேல்னு அழுகி, குப்புன்னு நாத்தம். சனம் பசியில சுருண்டு சுருண்டு விழுந்துச்சு.

"ம்."

அப்போ டெர்மட் பசி தாங்காம, அந்த ஊரு நெலத்துக்கெல்லாம் சொந்தக்காரத் தொரையோட ஆட்டுக்குட்டிய அடிச்சுத் தின்னுட்டான். லபக்குன்னு புடிச்சுட்டாங்க. "ஏழு வருஷம். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேத்து"ன்னுட்டாரு ஜட்ஜ்.

ஷீலாவுக்கு வேற யாரு இருக்கா? அப்புறம் ஒரு நாள் பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, தொரையோட வைக்கோல்போர்ல நெருப்பு வெச்சா. திகுதிகுன்னு எரியுது, இவ ஓடாம அங்கயே நிக்கிறா.

"ஏம்மா இப்படிப் பண்ண?"ன்னாரு ஜட்ஜ்.

"தம்பிய அனுப்புன எடத்துக்கே என்னையும் அனுப்பிடுங்க ஐயா."

"அவளுக்குப் பயமா இல்லையா அத்தை?"

இருந்துச்சுடா. தம்பி இல்லாம இருக்கறது அதவிடப் பயம்.

அப்புறம் கப்பல். நாலு மாசம் தடால் தடால்னு அலை, வாந்தி, காய்ச்சல். "எங்க டெர்மட்ட இதுலயா கூட்டிட்டுப் போனீங்க?"ன்னு மாலுமிங்கள கேட்டா. தெரியாதுன்னுட்டாங்க. எறங்குன எடத்துல ஜெயில்காரன கேட்டா. "அந்தப் பேருல ஆள் இல்ல, போ"ன்னுட்டான். அப்புறம் ஒரு பண்ணையில துணி தொவைக்க விட்டாங்க. அந்தப் பக்கமா கைதிங்க சங்கிலியோட ரோடு போடப் போவாங்க, கிணிங் கிணிங்னு. வேலிகிட்ட ஓடி ஒவ்வொரு மூஞ்சியா பாப்பா. ரெண்டு வருஷம் பாத்தா.

"ம்..."

மூணாவது வருஷம் புதுக் கைதியா ஒருத்தி வந்தா, அவங்க ஊர்க்காரி. ஷீலாவப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டா.

"அடிப்பாவி, அவன எங்கடி கப்பலேத்துனாங்க? கப்பல்ல எடமில்லன்னு நம்ம துறைமுகத்துக்கு எதுக்க இருக்கற தீவு ஜெயில்லயே போட்டுட்டாங்க. ஒன் கப்பல் அத ஒட்டித்தான்டி வந்திருக்கும்! தண்டனையக் கொறைச்சு இப்போ விட்டுட்டாங்க. ஊருக்கு வந்து, அக்கா அக்கான்னு வீடு வீடா தேடுனான்."

"நான் எங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னோம். என்னையும் அனுப்புங்கன்னு ஜட்ஜ் கால்ல விழுந்தான். இனிமே கைதிக் கப்பலே கெடையாதாம். நான் வந்ததுதான் கடைசி."

ஷீலா அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. காசு குடுத்துக் கப்பலேற ரெண்டு பேருகிட்டயும் காசு ஏது? அவளுக்குத் திரும்பிப் போக வழி இல்ல, அவனுக்கு வர வழி இல்ல.

"அப்புறம் சேர்ந்தாங்களா அத்தை?"

இல்லடா.

"சேர்ந்தாங்கன்னு பொய்யாச்சும் சொல்லேன்."

சொல்ல மனசு வரலடா. கதை அவ்வளவுதான். கிட்ட வந்து படு, கண்ண மூடு.