சாப்பிட்டாச்சா?

ஆய்வு மாணவி தமயந்திக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கமில்லை. இருபது வருடம் நர்ஸாக இருந்தவள். மாத்திரை போட்டுவிட்டேன் என்று சொல்பவரின் தலையணையைத் தூக்கிப் பார்த்தே பழகியவள். நாற்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தும் அந்தக் குணம் போகவில்லை.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் நாற்பது வீடுகள். அங்கே பிள்ளைகள் ஏன் இளைத்துக்கொண்டே போகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் படிவம் நிரப்பி வருவது, ஆய்வுக்காகச் சம்பளத்துக்கு அமர்த்திய இசக்கியம்மாளின் வேலை.

முதல் கேள்வி, "பிள்ளை சாப்பிட்டாச்சா?" நாற்பது படிவத்திலும் ஒரே பதில்: "ஆச்சு." எடை போட்டுப் பார்த்தால், பிள்ளைகள் போன மாதத்தைவிடக் குறைந்திருந்தார்கள்.

தமயந்திக்குச் சுருக்கென்றது. இந்த இசக்கியம்மாள் ஒரு வீட்டுப் படியும் ஏறாமல், மரத்தடியில் உட்கார்ந்தே எழுதித் தள்ளியிருக்கிறாள்!

"சத்தியமா ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கேட்டேம்மா. இந்த வேலையும் போச்சுன்னா நானும் உப்பளத்துக்குத்தான் போணும்" என்று இசக்கியம்மாள் அழுதாள்.

அந்த அழுகையையும் தமயந்தி நம்பவில்லை. அவளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் பியாட்ரிஸ் அவளைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதானே.

"வாங்க தமயந்தி. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மேடம்." உட்காரும் முன்பே கடிதத்தை நீட்டினாள்.

பேராசிரியர் நிதானமாகப் படித்தார். "அந்த அம்மா பொய் சொல்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நாப்பது வீட்டுலயும் ஒரே பதில் எப்படி மேடம் வரும்? பிள்ளைங்க எலும்பும் தோலுமா நிக்குதுங்க!"

பேராசிரியர் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, இரண்டு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினார். பெயர்: தமயந்தி. சாப்பிட்டாச்சா: ஆச்சு.

"சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

தமயந்தி பேனாவை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள். வெட்கமாக இருந்தது.

"இது... காலையில இருந்து பல்லுல பச்சத்தண்ணி படல மேடம். நீங்க கேட்டீங்களேன்னு, ஒரு மரியாதைக்குச் சொன்னது."

பேராசிரியர் கடிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"அந்த நாப்பது வீட்டுக்காரங்களும் மரியாதை தெரிஞ்சவங்கதான்."