உப்பில் கிடந்த முட்கள்

வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் உத்தரவு போட்டு ஓய்வுபெற்றவர் தணிகாசலம். வண்டுகளைப் பற்றிப் படிக்கும் ஆசையில், பூச்சி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தில்லைநாயகியிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். தில்லைநாயகி அவரைவிட இருபது வயது இளையவர். அவர் மேடம் என்பார், இவர் சார் என்பார். யார் குரு என்பதில் மட்டும் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அன்று செங்கமலம் என்ற பெண் மேலப்பூங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒரு மாத்திரை பாட்டிலைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் ஏழு வண்டுகள். நெல்மணியைவிடச் சின்னவை, கறுப்பு, முதுகெல்லாம் முள். அவளுடைய மாட்டுப்புல்லில் பிடித்தவை.

புல்லைச் சுற்றிலும் நடவு முடிந்த வயல்கள். நெல் இலையைச் சுரண்டித் தின்னும் முள்வண்டு அந்தப் புல்லில்தான் குடியிருக்கிறது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அது உண்மையென்றால் நாலு மணிக்குப் புல் முழுக்க மருந்தடிப்பதாக முடிவு. அடித்துவிட்டால் அவளுடைய மூன்று மாடுகளுக்கும் தீனி கிடையாது. பாவம், அந்தப் புல்லை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைப்பது.

முள்வண்டுகளில் பல இனங்கள். அந்த வட்டாரத்தில் நெல்லைத் தின்பது ஒன்று, புல்லை மட்டும் தின்பது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பின் முதல் கணுவைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு முள் இருந்தால் புல்வண்டு, இல்லையென்றால் நெல்வண்டு.

தணிகாசலம் பார்த்தார். முள் இல்லை. உடனே பஞ்சாயத்துத் தலைவர் கைலாசத்துக்குப் போன் போட்டு, "நெல் வண்டுதான், அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் குருவிடம் வந்தார். பழைய ஆபீசர் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"எத்தனை பார்த்தீங்க சார்?" என்று கேட்டார் தில்லைநாயகி.

"ஏழும் பார்த்தேன் மேடம். ஒண்ணுலகூட முள் இல்லை."

"இல்லைங்கிறதை எப்படிப் பார்த்தீங்க?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. "இல்லாததை எப்படி மேடம் பார்க்கிறது? இல்லைன்னா இல்லைதானே?"

தில்லைநாயகி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. செங்கமலத்தை உள்ளே கூப்பிட்டார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கீங்க?"

"கல்லுப்புங்கம்மா. வழியில அழுகிடக் கூடாதுன்னு போட்டேன். கருவாட்டுக்குப் போடுவோமே, அந்த மாதிரி."

"பஸ் குலுக்குச்சா?"

"அது ரோடாங்கம்மா? எலும்பெல்லாம் கழண்டுபோச்சு."

தில்லைநாயகி திரும்பினார். "சார், தலைவருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க."

"எதைக் காட்டி மேடம் நிறுத்தறது? அரைமணிக்கு ஒரு பேச்சுப் பேசினா என்னை என்ன நினைப்பாங்க?"

மணி மூன்று இருபத்தைந்து. தில்லைநாயகி வண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வைத்தார். உப்பைக் கண்ணாடிக் குவளையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"மேடம், நேரம் ஆகுது."

"தெரியும் சார். அதான் சுடுதண்ணி ஊத்தியிருக்கேன்."

உப்பு மெல்லக் கரைந்தது. தணிகாசலம் கடிகாரத்தைப் பார்ப்பதும் குவளையைப் பார்ப்பதுமாக நின்றார். கரைந்ததும் தில்லைநாயகி மேல்தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் நின்றதை வெள்ளைத் தட்டில் ஊற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார்.

"எண்ணுங்க சார்."

தட்டில் கறுப்பாக, கூராக, மயிரிழை போலத் துணுக்குகள் கிடந்தன. தணிகாசலம் நாற்பது வரை எண்ணி நிறுத்திவிட்டார்.

"இப்ப வண்டைப் பாருங்க. முள்ளைத் தேடாதீங்க. முள் இருக்க வேண்டிய இடத்தைப் பாருங்க."

முதல் வண்டின் உணர்கொம்பை அவர் பெரிதாக்கினார். முதல் கணுவில் ஒரு கட்டை, நுனி பிசிறடித்து வெளிறியிருந்தது. மறுபக்கமும் அப்படியே. இரண்டாவது வண்டிலும் அதே. ஏழிலும் அதே.

"ஒடிஞ்சிருக்கு மேடம்."

"அப்ப என்ன வண்டு?"

"புல்வண்டு." குரல் அவருக்கே கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மணி மூன்று ஐம்பது. போனை எடுத்தார். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் கைலாசம் எடுத்தார். பின்னால் மருந்தடிக்கிற மோட்டார் ஓடும் சத்தம்.

"தலைவரே, அடிக்காதீங்க. அது புல்லை மட்டும் திங்கிற வண்டு."

"டேங்க்ல கலந்து, ஆள் வரப்புல இறங்கிட்டானுங்க. அப்ப நெல்லுன்னீங்க, இப்பப் புல்லுங்கிறீங்க. அந்தம்மா அங்க வந்து அழுதுச்சா? அழுதாங்கன்னுல்லாம் நிறுத்த முடியாதுங்க. ஊர் நெல்லு போயிடும்."

தணிகாசலம் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மேடம், நம்ப மாட்டேங்கிறார். இந்தம்மா உப்பு போட்டதால வந்த குழப்பம்னு சொல்லிடட்டுமா?"

வாசலில் நின்ற செங்கமலம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "என்னாலதானாங்க?" என்றாள்.

தில்லைநாயகி அவளைப் பார்க்கவில்லை. சீடரைப் பார்த்தார்.

"உப்பு முள்ளைத்தான் சார் ஒடிச்சுது. பேர் சொன்னது நீங்க."

தணிகாசலத்தின் பொத்திய கைக்குள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இனிச் சொல்ல வேண்டியது முப்பது வருஷத்தில் ஒருநாளும் சொல்லிப் பழகாத வாக்கியம். கையை எடுத்தார்.

"தலைவரே, யாரும் அழலை. நான்தான் சரியாப் பார்க்காம தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

மோட்டார் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.