பத்துப் பேர் ஓலை

கும்பினிப் படை பாளையங்களை அடித்து நொறுக்கிய காலம். மலைக்கோட்டைக் கொட்டடியில் நாற்பது பேர் விலங்கோடு கிடந்தார்கள். வெளியே யாரோ ஒரு சிப்பாயைச் சுட்டுவிட்டார்கள். உள்ளே கிடந்தவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்க நாதியில்லை. ஒரு சிப்பாய்க்குப் பத்துக் கைதி, பொழுது சாய்வதற்குள் தூக்கு என்று துரை உத்தரவு போட்டுவிட்டான்.

பத்துப் பேரைப் பொறுக்கும் வேலை திருவேங்கடத்தின் தலையில் விழுந்தது. அவரும் கைதிதான்; பாளையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"எழுதிக் கொடு, உன்னை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாற்பது பேருக்கும் தூக்கு" என்றான் துரை.

பாவம், மனுஷன் எழுதிவிட்டார். ஓலையோடு குப்பாண்டிச் சாமியிடம் போனார். கலகக்காரர்களை மடத்தில் ஒளித்துவைத்துப் பிடிபட்ட பண்டாரம் அவர். வயதில் சின்னவர்தான். ஆனாலும் நரைத்த தலையோடு திருவேங்கடம் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

"கிழடு, நோயாளி, குடும்பம் இல்லாதவன்னு பார்த்துத்தான் எழுதியிருக்கேன் சாமி. தப்பா?"

சாமி ஓலையை வாங்கவில்லை.

"இன்னைக்கு நீரே கஞ்சி ஊத்தும்வே. ஓலையில இருக்கிறவங்களுக்கு முதல்ல."

யாரும் விட்டுப்போகக் கூடாதென்று, பேரைச் சொல்லி, முகம் பார்த்துக் கஞ்சி ஊத்துவது அந்தக் கொட்டடி வழக்கம். திருவேங்கடம் அகப்பையை எடுத்தார்.

"செல்லையா."

இருமிக்கொண்டே ஒரு கிழவன் சட்டியை நீட்டினான். "அடியில கலக்கி ஊத்துங்கய்யா. நாலு பருக்கையாவது விழட்டும்."

கலக்கி ஊத்தினார்.

"இசக்கி."

"எனக்கு ரெண்டாவதா? வழக்கமா கடைசியில தெளிஞ்ச தண்ணிதானே கிடைக்கும்" என்று சிரித்தான் அவன். "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சிருக்கேன் போல."

மூன்றாவது பேர் வாயில் வரவில்லை. அகப்பை ஆடி, கஞ்சி தரையில் சிந்தியது. திருவேங்கடம் அப்படியே திரும்பி வந்தார்.

"முடியலை சாமி. நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாங்க."



திருவேங்கடம் மடியிலிருந்த ஓலையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"துரை நாப்பது பேரையும் தூக்குல போட்டுருவான் சாமி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் சாமி. "ஆனா நாப்பது பேரும் அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சாவோம்வே. உம்ம மூஞ்சியை இல்லை."