செல்லக்கிளி வாசலில் நின்ற கோலம்

உமையாள் அம்மாவுக்குச் சீடர் என்று இருந்தவர் பொன்னம்பலம் ஒருவர்தான். குருவைவிட வயதில் மூத்தவர். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அன்று மடத்துக்குள் நுழைந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"எல்லாம் வீணாப் போச்சும்மா," என்றார்.

மேட்டுத் தெருவில் ஜல்லி லாரி மோதி, செல்லக்கிளியின் மகன் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தெருக்காரர்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தெருவை நாமே பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுப்போம் என்று கிளப்பிவிட்டவர் பொன்னம்பலம். முகம் கொடுத்துப் பேசாத வீடுகள்கூட ஒன்றாகக் குந்தி வரைந்தன. பையன் விழுந்த இடத்தில், சாலையை அடைத்துப் பெயிண்டில் பெரிய கோலம். அதைப் பார்த்தாவது லாரி மெதுவாகப் போகும் என்று ஒரு நப்பாசை.

"வேகம் குறைஞ்சுதா?"

"எங்கம்மா. ஓரமா ஒடிச்சுட்டுப் பறக்கறான். இன்னிக்குக் காலையில செல்லக்கிளி வீட்டுப் படியைப் பேத்துட்டான். அவ சின்னப் பொண்ணு அப்பத்தான் எழுந்து உள்ள போயிருக்கு."

"சாலையை அடைச்சுப் போட்டதா சொன்னீங்க. ஓரத்துல வழி ஏது?"

"அவ வாசல்ல மட்டும் விட்டுட்டோம். சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பாம கோலம் போடலாமா?"

உமையாள் எழுந்து நடந்தார். பொன்னம்பலம் பின்னாலேயே போனார்.

பெயர்ந்த படியருகே செல்லக்கிளி நின்றிருந்தாள். அவள் காலடியிலிருந்து ஒரு லாரி அகலத்துக்கு வெறும் தார். அதற்கப்பால் கோலம்.

"அன்னிக்கு எல்லாரும் வரைஞ்சப்ப நீ எங்கம்மா இருந்த?" என்று கேட்டார் உமையாள்.

"இங்கதாம்மா. என் புள்ளைக்குத்தானே போடறாங்க, என்னையும் கூப்பிடுவாங்கன்னு நின்னேன். இந்தப் பக்கம் வந்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பொன்னம்பலம் ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னிக்கே மிச்சத்தையும் போட்டுடறோம் தாயி."

செல்லக்கிளி அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது ஒரு லாரி வந்தது. டிரைவர் கோலத்தைக் கண்டதும் ஸ்டியரிங்கை ஒடித்தான். இருவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். படியில் மீதியிருந்த கல்லும் நொறுங்கியது. கோலத்தில் ஒரு டயர்கூடப் படவில்லை.

"இவனுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இருக்கே. கோலம் கெட்டுடக் கூடாதுங்கிற மனசு. உங்களுக்கு இருந்த அதே மனசுதான்."