கோணி ஊசி ஈட்டி

காலை நீட்டிப் படு. போர்வைய உதைச்சே, கதை கிடையாது, சொல்லிட்டேன். அத்தை நிறுத்துற இடத்துல எல்லாம் 'ம்' கொட்டணும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரே ஒரு ஏரி. இந்தப் பக்கம் மேலப்பட்டி, அந்தப் பக்கம் கீழப்பட்டி. ஊருக்கொரு மதகு. தண்ணி குறைஞ்சா போதும், ஒரே அடிதடி. மண்டை உடைஞ்சு உடைஞ்சு அலுத்துப்போய், பெரியவங்க ஈயத்துல சிப்பாய் பொம்மை வார்த்து வச்சாங்க. கட்டைவிரல் உசரம்தான். இனிமே அதுங்க சண்டை போடட்டும்னுட்டாங்க.

"எப்படிப் போடும்?"

தாயம் உருட்டிப் பலகையில நகத்தணும். எதிராளிகிட்ட வந்துட்டா, ஈட்டியோட ஈட்டிய முட்டணும். ஈட்டி வளைஞ்சாலோ ஒடிஞ்சாலோ அந்தச் சிப்பாய் செத்தான். ஆட்டம் நடக்குற வரைக்கும் ரெண்டு மதகும் பாதி திறந்திருக்கும். முடிஞ்சா, தோத்தவங்க மதகு அடைப்பு, அறுப்பு வரைக்கும். ஈய ஈட்டி எம்புட்டு நேரம் தாங்கும்? மத்தியானத்துக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும்.

மேலப்பட்டிப் பொம்மைய வச்சுக் காப்பாத்துறவ செங்காயி. நெல்லு மண்டியில கோணி தைக்கிறவ. விடிஞ்சா ஆட்டம். பரண்ல இருந்து பெட்டிய இறக்குறா, கை நழுவி டமால்! பார்த்தா ஈட்டியெல்லாம் ஒடிஞ்சு உதிர்ந்து கிடக்கு, ஒரு சிப்பாய் கையிலயும் இல்ல.

"அய்யோ!"

அய்யோதான். ஊரு வயலெல்லாம் பயிரு பொதி கட்டி, கதிரு தள்ளப்போற நேரத்துல நிக்குது, அவ வயலும்தான். இப்போ தண்ணி நின்னா எல்லாம் பதரு. ஓடிப்போய் ஈர்க்குச்சிய ஒடிச்சு ஈட்டியா சொருகினா. முட்டிப் பார்த்தா, படக்! போச்சு. அப்புறம் செம்புக் கம்பிய வெட்டி வச்சா. அது கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது. தலையில தலையில அடிச்சுக்கிட்டா. அப்போதான் இடுப்புல சொருகியிருந்த கோணி ஊசி குத்துச்சு.

முனைய ஈட்டி மாதிரி தட்டையாக்கலாம்னு சுத்தியலால போட்டா, டொக்! ஊசி ரெண்டு துண்டு. 'பதறாத செங்காயி, பதறாத'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, அடுத்த ஊசிய அடுப்புல செக்கச்செவேல்னு காய வச்சு அடிச்சா. முனை வேப்பிலை கணக்கா விரிஞ்சுது. தண்ணியில முக்கினா மறுபடி ஒடியும், தானா ஆறட்டும்னு காத்திருந்தா. அப்புறம் ஒடிஞ்ச ஊசித் துண்டைக் காய வச்சு, சிப்பாய் முஷ்டியில ஓட்டை போட்டு, ஈட்டிய நுழைச்சு, அரக்கை உருக்கி ஒட்டினா. முட்டினா, டிங்! அசையல. ம் எங்க?

"ம்..."

எல்லாச் சிப்பாய்க்கும் வச்சு முடிக்கிறா, வாசல்ல யாரு? அவ மக பவளாயி. கீழப்பட்டியில வாக்கப்பட்டவ. அந்த ஊரு பொம்மைப் பெட்டி அவ வீட்டுலதான். ஈட்டியப் பார்த்ததும் அவ மூஞ்சி செத்துப்போச்சு. "ஆத்தா, இதுக்கு முன்னாடி எங்க ஈயம் நிக்குமா? எங்க பயிரு காஞ்சா நான் எம்புள்ளைக்கு என்னத்தப் பொங்குவேன்?"

கீழப்பட்டிக்கும் ஊசி குடுத்தா ஊரு செங்காயிய சும்மா விடாது. குடுக்காட்டி மக வயிறு காயும். செங்காயி அடுப்ப ஊதிக்கிட்டே, "போடி, உங்க பொம்மையக் கொண்டா"ன்னா.

விடிஞ்சுது. ரெண்டு பெட்டியும் திறந்தாங்க. ரெண்டு பக்கமும் பளபளன்னு ஊசி! மேலப்பட்டி ஊர்த்தலைவர் அம்பலக்காரர் கண்ணு செவந்துடுச்சு. "எவ செஞ்ச வேலை இது?"

"நாந்தான் செஞ்சேன். எம் மக அந்தப் பக்கம் இருக்கா."

ஊரே திட்டித் தீர்த்துச்சு. அம்பலக்காரர் தாயத்தை உருட்டினார். முட்டினாங்க, டிங்! ஒடியல. டிங்! வளையல. மத்தியானம் ஆச்சு, பொழுதும் சாஞ்சுது, ஒருத்தனும் சாகல. மதகை அடைக்க மம்மட்டியோட நின்னவன் கேட்டான், "அய்யா, அடைக்கவா?"

அம்பலக்காரர் பலகையப் பார்த்தார், வயலைப் பார்த்தார், செங்காயியப் பார்த்தார். "ஆட்டம் முடியலையேடா"ன்னார்.

"அத்த... யாரு ஜெயிச்சா?"

எவனும் சாகல, அப்புறம் எவன் ஜெயிப்பான்? இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கானுங்க, டிங், டிங்னு. ரெண்டு மதகும் பாதி திறந்தே இருக்கு, பாதித் தண்ணிதான். ஆனா ஆத்தா வயலுக்கும் பாயுது, மக வயலுக்கும் பாயுது. அவங்க ஆட்டம் முடியாது, நம்ம கதை முடிஞ்சுபோச்சு. கண்ண மூடுடி கண்ணு.