நரியார் வீட்டுக் காதுகுத்துப் பேனர்

படார்! சர்ர்ர்... படார்!

பொழுது சாய்ந்து இருட்டியிருந்தது. குளக்கரையில், பழைய புற்றின் அடியில் வளை தோண்டிக் குடியிருந்த வெள்ளெலி பவளம் திடுக்கிட்டு, தன் மூன்று குட்டிகளையும் வாரி அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லைடா. நீ தூங்கு."

ஒன்றுமில்லை என்று சொன்னாளே தவிர, அவளுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. இடி இப்படி இடிக்காது. மரம் முறிந்தாலும் ஒரு தடவைதான் சத்தம் வரும். இது நின்று நின்று வருகிறதே! காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த கதவைச் சாத்த ஓடினாள். பிடித்து இழுத்தாள். கதவு பாதி வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். ம்ஹூம், அசையவில்லை.

தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். நிலைப்படியிலேயே ஒரு மூங்கில் ஊன்றியிருந்தது! கதவு அதில்தான் இடித்துக்கொண்டு நின்றது. அண்ணாந்தாள். மூங்கிலுக்கு மேலே ஒரு பெரிய பேனர் காற்றில் உப்பி உப்பி அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கப்பா! என் மீசை மடங்குது பாருங்க!" என்று கீழே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார் நரியார். குரங்குகள் கயிறு கட்டின. மின்மினிகள் வெளிச்சம் காட்டின.

தையல்சிட்டு தேக்கிலைகளைச் சேர்த்துத் தைத்து, சாயத்தால் படம் எழுதிய பேனர் அது. 'காதணி விழா! அனைவரும் வருக!' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நடுவில் நரியாரின் மகன் குட்டிநரி. அவனுக்குப் பக்கத்தில், அவனைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நரியார். அதற்குக் கீழே வரிசை வரிசையாக ஊர்க்காரர்களின் முகங்கள்.

"நரியண்ணே! கம்பு என் வாசல்ல நிக்குது. கதவு சாத்த முடியலை."

"அட, பவளமா! வா வா! மூணு பாதையும் சேர்ற இடம் இதுதானே? வேற எங்கே வெச்சாலும் யார் கண்ணுலயும் படாது."

"ராத்திரியில பாம்பு சுத்துது அண்ணே. சின்னக் குட்டிங்க இருக்காங்க. ஒரு சாண் தள்ளி ஊன்றக் கூடாதா?"

நரியார் சிரித்தார். "முதல்ல கீழ் வரிசையைப் பாரு. வலது ஓரம்."

பார்த்தாள். அவளே தான்! சுற்றிலும் மூன்று குட்டிகள். அடியில் 'புற்றடி பவளம், மக்கள் மூவர்' என்று பெயர் வேறு! மூத்தவனின் மீசை ஒரு பக்கம் ஒடிந்திருப்பதைக்கூட அச்சு அசலாக எழுதியிருந்தது தையல்சிட்டு. பவளத்தை இதுவரை யாரும் படமாக எழுதியதில்லை. ஊர் விசேஷங்களில் அவளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பதே பெரிய காரியம். கம்பைப் பற்றிச் சொல்ல வந்ததையே மறந்து, படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விசேஷம் முடிஞ்ச கையோட எடுத்துடுவேன்!" என்றார் நரியார்.

"சரிங்க அண்ணே" என்றாள் பவளம்.

உள்ளே வந்து அரைக்கல்லை உருட்டிக் கதவிடுக்கில் வைத்தாள். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அயர்ந்தால் ஒரு படார்! மறுபடி அயர்ந்தால் இன்னொரு படார்!

காதுகுத்து தடபுடலாக நடந்தது. முள்ளம்பன்றி தன் முள்ளிலேயே ஒன்றை எடுத்து நறுக்கென்று குத்தியது. குட்டிநரி ஊரைக் கூட்டி அழுதான். குன்றிமணித் தோடு போட்டதும் அழுகை நின்றுவிட்டது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பந்தல் பிரிந்தது. பேனர் மட்டும் அப்படியே நின்றது.

"விசேஷம் முடிஞ்சுபோச்சே அண்ணே?" என்று போய்க் கேட்டாள் பவளம்.

"வராதவங்க பார்க்க வேண்டாமா? உனக்கு ஏன் இந்த அவசரம்?" என்றார் நரியார்.

குட்டிநரி தினமும் சாயங்காலம் வந்து பேனருக்குக் கீழே நின்று, தன் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அதைக் காணும்போது பேனரை எடுக்கச் சொல்லப் பவளத்துக்கு வாய் வராது. பிள்ளை சந்தோஷப்பட்டால் எந்த அப்பனுக்குத்தான் இறக்க மனசு வரும்? ஆனால் இருட்டியதும் அரைக்கல்லும் முதுகும்தானே அவளுக்குக் கதவு!

கடைசியில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நாவல் மரத்தடியில் உட்கார்ந்து விதிகளைப் பார்த்துக்கொள்பவர் ஆமையார்.

"ஐயா, பேனர் வைக்கிறதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

"ஏன் இல்லாம? பேஷா இருக்கு!" ஆமையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தார். "பேனர் வைப்பவர் முன்அனுமதி பெற வேண்டும். பாதை வளைவில் வைக்கக் கூடாது. எவர் வாசலையும் மறிக்கக் கூடாது. விசேஷம் முடிந்ததும் வைத்தவரே அகற்ற வேண்டும்."

"நரியண்ணன் அனுமதி வாங்கினாரா?"

ஆமையார் தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார். "வந்து... நடு வரிசையில யார் இருக்காங்க, பார்த்தியாம்மா?"

"நீங்கதான் ஐயா."

"கழுத்து எவ்வளவு நீளமா விழுந்திருக்கு, கவனிச்சியா? எனக்கு இவ்வளவு கழுத்து இருக்குன்னு எனக்கே தெரியாது!"

"அதனால?"

"என் படம் இருக்கிற பேனரை நானே எடுக்கச் சொன்னா நரியார் என்ன நினைப்பார்? ஒண்ணு செய். படம் இல்லாத யாராவது வந்து புகார் சொல்லட்டும். உடனே நடவடிக்கை! என் ஓட்டு மேல சத்தியம்!"

"படம் இல்லாதவங்க ஊர்ல யாரு ஐயா இருக்காங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சுப் பார்க்கிறேன்" என்று ஓட்டுக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது.

வழியில் காகம் கிளையில் உட்கார்ந்து சிரித்தது. "மகனுக்கு ரெண்டு காதுதான் குத்தினார். ஊருக்கெல்லாம் சேர்த்து எத்தனை காது குத்தியிருக்கார் பார்த்தியா, நம்ம நரியார்!"

"அப்படின்னா நீயாவது புகார் சொல்லேன்."

"நானா! நான் மேல் வரிசையில இருக்கேனே!" என்று சொல்லிப் பறந்துவிட்டது.

முயலக்கா எல்லாவற்றையும் கண்கலங்கக் கேட்டுக்கொண்டாள். "ஐயோ பாவம் நீ. பச்சைக் குழந்தைங்களை வெச்சுக்கிட்டு..." என்று பவளத்தின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "ஆனா அந்தப் படத்துல என் காது ரெண்டும் எவ்வளவு லட்சணமா நிக்குது தெரியுமா? அதை எடுக்கணும்னு மட்டும் என்கிட்ட கேட்காதே."

அன்று இருட்டியதும் பாம்பு வந்தது.

முதலில் கல்லுக்குப் பக்கத்தில் சரசரவென்று சத்தம். பிறகு இடுக்கின் வழியாக நாக்கு மட்டும் உள்ளே வந்து துழாவிப் பார்த்தது.

"யாரம்மா வீட்டுல? கதவு திறந்தே கிடக்குதே, வரச் சொல்லித்தானே?"

பவளம் கல்லில் முதுகை அழுத்திக்கொண்டாள். குரலை உயர்த்தினாள். "போ அந்தப் பக்கம்! உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கார். அவரோட அண்ணன் தம்பிங்க எட்டுப் பேரும் இருக்காங்க!"

பாம்பு மெதுவாகச் சிரித்தது. "யாரை ஏமாத்தறே? வாசல்லயே எழுதிப் போட்டிருக்கே! புற்றடி பவளம், மக்கள் மூவர். நான் படத்தைப் பார்த்துட்டுத்தான் வரேன். இத்தனை வருஷமா இந்தப் புற்றைத் தாண்டிப் போயிருக்கேன், உள்ளே குடித்தனம் இருக்கிறதே தெரியாது. மூத்தவனுக்கு மீசை ஒடிஞ்சிருக்காமே?"

மூத்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். பாம்பு தலையால் கல்லை முட்டியது. கல் அசைந்தது. பவளம் காலை ஊன்றி, முதுகைக் கொடுத்து, உயிரைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். குட்டிகள் மூன்றும் அவள் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு தாங்களும் தள்ளின. அந்த நேரம் பார்த்துக் குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆந்தை அலறியது. பாம்பு சட்டென்று தலையை இழுத்துக்கொண்டது.

"நாளைக்கு வரேன். அந்தக் கல்லைத் தாங்கிப் பிடிக்க உனக்கு எத்தனை நாள் பலம் இருக்குன்னு பார்ப்போம்!"

அதற்கு மேல் பவளம் தூங்கவில்லை. அவள் மனசில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. என் பிள்ளைகளின் முகத்தை ஊர் பார்க்க மாட்டியதில் நான் அல்லவா மயங்கிப்போனேன்?

விடிந்ததும் மூங்கிலில் ஏறினாள். கீழ் வரிசை, வலது ஓரம். நறுக்! நறுக்! தன் முகத்தையும் குட்டிகளின் முகங்களையும், அடியில் இருந்த பெயரையும் பல்லால் கத்தரித்து எடுத்தாள்.

"அடி பாவி! என்ன காரியம் பண்றே?" என்று கத்தியது காகம்.

"என் முகம். நான் எடுத்துக்கறேன்" என்றாள் பவளம். இரவு நடந்ததைச் சொன்னாள். படத்தைப் பார்த்துத்தான் பாம்பு வீட்டைக் கண்டுபிடித்தது என்பதையும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த முயலக்காவின் காதுகள் தொய்ந்து விழுந்தன. "என் பேருக்குக் கீழே 'அருகம்புல் மேடு'ன்னு எழுதியிருக்கே! காட்டுப்பூனை பார்த்தா?" ஒரே தாவு. தன் முகத்தைக் கடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே கீரி வந்தது, கௌதாரி வந்தது. "என்னோடதையும் எடு! என் பிள்ளையோடதையும்!" என்று பேனரைச் சுற்றி ஒரே கூட்டம். மேல் வரிசைக்காரக் காகம்கூட, "எனக்கொண்ணும் பயம் இல்லை, சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று சொல்லித் தன் முகத்தைக் கொத்தி எடுத்துக்கொண்டது.

பேனர் சல்லடையாகிவிட்டது. காற்று ஓட்டைகளுக்குள் புகுந்து போனது. படார் சத்தம் நின்றது.

பவளம் நேராக நாவல் மரத்தடிக்குப் போனாள். "ஐயா, படம் இல்லாதவ ஒருத்தி வந்திருக்கேன். புகார் சொல்லணும்."

ஆமையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சத்தியம் செய்திருக்கிறாரே! பெருமூச்சு விட்டார். "சரி, வா. ஆனா முதல்ல என் கழுத்தை எடுத்துக் கொடுத்துடு. பார்த்து, கிழியாம எடு. வீட்டுல மாட்டிக்கலாம்."

நரியார் வந்தபோது பேனரில் இரண்டே முகங்கள் மிச்சமிருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று குட்டிநரியுடையது.

"யார் இந்த வேலை செஞ்சது? என் பையன் விசேஷத்தை இப்படியா அசிங்கப்படுத்துவீங்க!" அவர் குரல் உடைந்தது. பாவம், ஆசை ஆசையாகச் செய்த பேனர்.

ஆமையார் விதியை ஒப்பித்தார். இந்த முறை கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு, சத்தமாக ஒப்பித்தார்.

"விதியாவது ஒண்ணாவது! இத்தனை நாள் எங்கே இருந்தது உன் விதி?"

"உங்க பேனர்ல, என் படத்துக்குள்ளே இருந்தது" என்றார் ஆமையார், வெட்கத்தோடு.

பவளம் முன்னால் வந்தாள். "அண்ணே, உங்க சந்தோஷத்துல எனக்குப் பொறாமை இல்லை. உங்களுக்கு ஒரு குட்டி. எனக்கு மூணு. ராத்திரி பாம்பு வாசல்ல நின்னு என் மூத்தவனோட மீசையைப் பத்திச் சொல்லுது. நான் எங்கே போவேன்?"

நரியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குட்டிநரி அவர் வாலைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, சிறுத்தைக்கும் படம் பார்க்கத் தெரியுமா?"

நரியார் மகனைப் பார்த்தார். பேனரில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம், கீழே, அவர் காலடியில், சின்னதாகப் பயந்துபோய் நின்றது. எட்டி, மகனின் படத்தை மெல்லப் பிரித்து எடுத்து அவன் கையில் கொடுத்தார். தன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரங்குகளையும் கூப்பிடவில்லை. தானே மண்ணைப் பறித்து, மூங்கிலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். குழியையும் மண் போட்டு மிதித்து மூடினார்.

"மன்னிச்சுக்கோ பவளம். நீ முதல்லயே சொன்னே" என்றார்.

"நானும்தான் முதல்லயே படத்தைப் பார்த்து மயங்கிட்டேன் அண்ணே" என்றாள் பவளம்.

அந்தி சாய்ந்தது. குட்டிகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவை இழுத்தாள். கதவு எங்கும் இடிக்காமல் நிலையோடு வந்து பொருந்தியது. தூரத்தில் புல் சரசரத்தது. குட்டிகள் நிமிர்ந்து பார்த்தன. நம் வீட்டுப் பெருமையை ஊர் பார்க்கட்டும் என்று எதை மாட்டினாலும், அதற்காக இன்னொருவர் வீட்டுக் கதவு திறந்து கிடக்கும்படி வைக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியபடியே, பவளம் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.